தண்ணீர் நிரப்பிய கையுறையும் ஒரு கேள்வித்தாளும்

ஆஸ்பத்திரி வார்டுகளில் பழகியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ரப்பர் கையுறை ஒன்றில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மணிக்கட்டுப் பக்கம் முடிச்சுப் போட்டு, நோயாளியின் குதிகாலுக்கு அடியில் வைத்திருப்பார்கள். ஐந்து விரலும் உப்பிக்கொண்டு, திருவிழாப் பலூன் மாதிரி அது கிடக்கும். கேட்டால், படுக்கைப் புண் வராமல் இருக்க என்பார்கள். பெரிய செலவில்லை, தொட்டால் மெத்தென்று இருக்கிறது, பக்கத்து பெட்டிலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஒரே குறை, அது வேலைக்கு ஆகாது. காலின் மொத்தக் கனமும் குதிகால் எலும்பு வழியாக அந்தச் சின்னத் தண்ணீர்ப் பையின் மேல்தான் இறங்குகிறது. தோல் அமுங்குவது அமுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் இந்தக் கையுறை வேண்டாம் என்று சொல்லிப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. ஒரு தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் கொடுத்து, குதிகாலை அந்தரத்தில் விட்டாலே போதும்.

அந்தக் கையுறை வார்டோடு நிற்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆகிறவரோடு வீட்டுக்கும் வருகிறது. மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில், மலையடிவாரத் தெரு ஒன்றில், இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர். கூடத்தில் வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டில். தேனி ரோட்டு பஸ்களின் ஹாரன் உள்ளே வரைக்கும் கேட்கிறது. மருமகள்தான் பார்த்துக்கொள்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வந்த செவிலியர், பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார்.

“எத்தன மணிக்கு ஒருக்கா திருப்பிப் போடுறீங்கம்மா?”

“காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ சிஸ்டர். நடுவுல மாமாவ நல்லா நிமிர்த்தி உக்கார வச்சுருவோம், டிவி பாக்கட்டும்னு. காலுக்குக் கையுற வச்சிருக்கோம். முதுகுல ஸ்பிரிட்டு வச்சு அழுத்தித் தேய்ச்சு, பவுடர் போட்டு விடுறோம். ஆஸ்பத்திரியில அப்படித்தான செஞ்சாங்க?”

இந்தப் பதிலில் தவறுகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு முறை திருப்பிப் போட்டால் போதாது. நிமிர்த்தி உட்கார வைத்தால் உடம்பு மெல்லக் கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் மாட்டிய ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். நிறம் மாறிய இடத்தை அழுத்தித் தேய்த்தால் ஏற்கெனவே நலிந்த தசை இன்னும் சிதையும். ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும். மருமகள் கவனக்குறைவானவர் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்த்ததைப் பார்த்தபடி, பாசத்தோடு செய்கிறார். அவர் பார்த்தது எங்கே, அங்கே அதைச் செய்தவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

செவிலியர்களுக்கு இதில் என்ன தெரியும் என்று அளந்து பார்க்க உலகத்தில் நிறைய முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் பார்பரா பைப்பர் என்ற செவிலியப் பேராசிரியர் 1995-இல் வெளியிட்ட தேர்வில் 47 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: சரி, தவறு, தெரியாது. மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்த் தேர்வுகள் பலவற்றில் ‘தெரியாது’ என்று எழுத இடம் கிடையாது. எதையாவது நிரப்பிவிட்டு வரவேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கியிருக்கிறோம். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமித்ரி பீக்மனும் அவருடைய குழுவினரும் 2010-இல் இன்னொரு தேர்வை உருவாக்கினார்கள். 26 கேள்விகள். புண் எப்படி உண்டாகிறது, அதன் நிலைகளை எப்படிப் பிரிப்பது, யாருக்கு வரும் என்று எப்படிக் கணிப்பது, ஊட்டம், அழுத்தத்தின் அளவைக் குறைப்பது, அழுத்தும் நேரத்தைக் குறைப்பது என்று ஆறு தலைப்புகளில் அவை பிரிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், முதல் தேர்வில் 90 விழுக்காடு எடுத்தால்தான் போதிய அறிவு. இரண்டாவதில் 60 போதும். கேள்விகளின் கடினம் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும், ஒரே செவிலியர் ஒரு தாளில் தேறி இன்னொன்றில் தோற்கக்கூடும்.

தமிழ்நாட்டில் இந்த அளவீடு பெரும்பாலும் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளில்தான் நடக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகளில், மதுரையைச் சுற்றியுள்ளவையும் சேர்த்து, இது நன்றாகத் தேய்ந்த தடம். ஒரு மருத்துவமனையில் சில பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். சில நேரம் செவிலியர்கள், சில நேரம் மாணவிகள், சில நேரம் நோயாளியோடு இருப்பவர்கள். மாணவியே தயாரித்த கேள்வித்தாளை முதலில் கொடுப்பார்கள். பிறகு சார்ட், ஃபிளாஷ் கார்டு, வீடியோ வைத்து முக்கால் மணி நேரம் வகுப்பு. ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாள் மறுபடியும். முதலில் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர்கள் இரண்டாவது தடவை 75-ஐத் தாண்டியிருப்பார்கள். புள்ளியியல் கணக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு என்று சொல்லிவிடும். ஆய்வேடு பைண்டிங் ஆகி நூலகத்துக்குப் போய்விடும்.

அதே கேள்வித்தாளை ஒரு வாரத்தில் இரண்டு முறை கொடுத்தால் மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? இரண்டு ஆண்டுப் படிப்புக்குள், கையில் பணமில்லாமல், டூட்டியும் பார்த்துக்கொண்டு ஆய்வு செய்யும் அந்த மாணவிகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வடிவமே அப்படித்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்த வார்டில் எத்தனை பேருக்குப் புண் வந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க அந்த வடிவத்தில் இடமே இல்லை.

பெல்ஜியக்காரர்கள் கேள்வித்தாளைத் தாண்டிப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வு அது. 14 மருத்துவமனைகள், 553 செவிலியர்கள். அவர்களிடம் தேர்வு வைத்ததோடு நிற்காமல், அதே வார்டுகளில் படுத்திருந்த நோயாளிகளுக்கு உண்மையில் என்ன செய்யப்படுகிறது என்றும் போய்ப் பார்த்தார்கள். செவிலியர்களின் சராசரி மதிப்பெண் 49.7 விழுக்காடு. பாதிகூடத் தேறவில்லை. புண் வரும் ஆபத்தில் இருந்த நோயாளிகளில் முறையான தடுப்புப் பராமரிப்பு முழுமையாகக் கிடைத்தது 13.9 விழுக்காட்டினருக்குத்தான். இதைவிடத் திகைப்பான செய்தி அடுத்தது: அதிக மதிப்பெண் எடுத்த செவிலியர் இருந்த இடத்தில் பராமரிப்பு மேலாக இருந்ததா என்றால், அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. படுக்கைப் புண்ணைத் தடுப்பது முக்கியமான வேலை, தடுக்க முடிகிற வேலை என்ற எண்ணம் யாரிடம் உறுதியாக இருந்ததோ, அங்கேதான் நோயாளிக்குக் கவனிப்பு கிடைத்திருந்தது.

பணக்கார நாடு. அங்கேயே மதிப்பெண்ணுக்கும் முதுகுக்கும் நடுவில் இவ்வளவு தூரம்.

நம் வார்டுக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 படுக்கை உள்ள வார்டில் தானாகப் புரள முடியாதவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைச் சரியாகத் திருப்பிப் போட இரண்டு பேர் வேண்டும். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, டியூப்களைச் சரிசெய்து, முதுகைப் பார்த்து, தலையணை கொடுக்க ஐந்து நிமிஷமாவது ஆகும். 10 பேருக்கு 50 நிமிஷம். பாடப் புத்தகம் சொல்கிறபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால், 12 மணி நேர நைட் டூட்டியில் ஆறு சுற்று. ஆக மொத்தம் 300 நிமிஷம், அதாவது ஐந்து மணி நேரம். இரண்டு பேருக்குமே ஐந்து மணி நேரம். மீதி நேரத்தில் ஊசி, டிரிப், புதிய அட்மிஷன், எமர்ஜென்சி, ரிக்கார்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய அளவுகோல்படி, பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு எந்த அரசு மருத்துவமனை வார்டுக்குள் வேண்டுமானாலும் நடந்துபோய் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாம் தெரிந்த ஒரு செவிலியர், 26-க்கு 26 எடுக்கக்கூடியவர், அந்த வார்டில் அந்த ராத்திரியில் என்ன செய்வார்? எந்த வார்டிலும் நடப்பதுதான் நடக்கும். நோயாளியின் மனைவியைக் கூப்பிட்டு, “அம்மா, அப்பப்ப ஒருக்களிச்சுப் படுக்க வைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்கு ஓடுவார்.

தெரிந்தும் செய்ய முடியாத இந்த நிலையையும், தெரியாமல் செய்யாத நிலையையும் கேள்வித்தாளால் பிரித்துக் காட்ட முடியாது. பிரித்துக் காட்டாவிட்டால், மதிப்பெண் குறைந்தாலும் பழி செவிலியர் மேல், மதிப்பெண் கூடிய பிறகும் புண் வந்தால் அதைவிடப் பெரிய பழி அவர் மேல். அதனால்தான் இந்தத் தேர்வின் மதிப்பெண் ஆள் பேரில் ஏறக்கூடாது, வார்டின் பேரில் ஏற வேண்டும் என்று சொல்லவேண்டியிருக்கிறது. அந்த வார்டில் எத்தனை பேர் டூட்டி, எந்த மெத்தை, எத்தனை தலையணை, போன மாதம் எத்தனை புண் என்பவை அந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

பழி போடுவது பழைய வழக்கம். 1859-இல் வந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் புத்தகமே, படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்றுதான் சொன்னது. அதே நூற்றாண்டில் பாரிஸின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ நேர் எதிராகச் சொன்னார்: நரம்பு அடிபட்டால் தோல் தானாகவே அழுகும், தடுக்க வழியில்லை என்றார். அவர் பேச்சுக்கு இருந்த செல்வாக்கில், முதுகெலும்பு முறிந்தவர்களுக்குப் புண் வருவது தலைவிதி என்றே மருத்துவர்கள் பல காலம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த விதியை உடைத்தவர்களில் ஒருவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகெலும்பு அடிபட்ட சிப்பாய்களுக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் பகலும் எல்லோரையும் திருப்பிப் போட வேண்டும் என்று கட்டளை. நடக்கிறதா என்று பார்க்க ராத்திரியில் அவரே வார்டுக்கு வருவாராம். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள், பின்னால் விளையாட்டுப் போட்டிகளிலும் இறங்கினார்கள். பாராலிம்பிக் அங்கிருந்து கிளைத்ததுதான். இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கட்டளையோடு, தூக்கித் திருப்ப ஆட்களும் குட்மனுக்குக் கிடைத்தார்கள். இரண்டு மணி நேர விதி மட்டும் உலகமெங்கும் பாடப் புத்தகங்களுக்குள் போயிற்று. ஆட்கள் பின்னோடு போகவில்லை.

அந்த இரண்டு மணி நேரமும் கல்லில் எழுதியது இல்லை என்பது 2013-இல் தெரிந்தது. படுக்கைப் புண் ஆபத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் பிரேடன் அளவுகோலைப் பார்பரா பிரேடனோடு சேர்ந்து உருவாக்கிய நான்சி பெர்க்ஸ்ட்ராம்தான் அந்த ஆய்வை நடத்தினார். அமெரிக்கா, கனடாவில் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேர். அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மூன்று விதமாகப் பிரித்துத் திருப்பிப் போட்டார்கள். புண் வருவதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. முதியோர் இல்லத்து முடிவை அப்படியே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனாலும் மேலே போட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். நல்ல மெத்தை வாங்கிப் போட்டால், ஆபத்து மிதமாக உள்ள நோயாளிகள் பலருக்கு ஐந்து மணி நேர வேலை இரண்டரை மணி நேரமாகக் குறையக்கூடும். ரெக்சின் உறை போட்ட தேய்ந்த நார் மெத்தையை வைத்துக்கொண்டு செவிலியருக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த இரண்டரை மணி நேரம் கிடைக்காது. மெத்தைக்கு டெண்டர் விடுகிற அதிகாரிக்கும் இந்தத் தேர்வை வைத்துப் பார்க்கலாம்.

இப்படியெல்லாம் சொன்னால், செவிலியருக்கு அறிவே தேவையில்லையா என்று கேட்பவர்கள் வருவார்கள். தேவை. தண்ணீர்க் கையுறை அதற்குச் சாட்சி. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை இடுப்புக்கு அடியில் வைப்பது இன்னொரு சாட்சி. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள தசைக்கு ரத்தம் போகவிடாமல் செய்யும். அதுவும் வேண்டாம் என்று சொல்லி வெகு காலமாகிறது. மருந்துக் கடைகளில் இன்னும் விற்கிறது. தலைமுறை தலைமுறையாக மாணவிகள் முதுகுப் பராமரிப்பு என்ற பெயரில் செய்து பழகிய அழுத்தமான தேய்ப்பும் இந்த வரிசைதான். ஆள் இல்லாத குறையால் செய்யாமல் விடுவது ஒன்று. இருக்கிற கொஞ்ச நேரத்தையும் தீங்கான வேலையில் செலவழிப்பது அதைவிட மோசம். இந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் கேள்வித்தாள் நன்றாக உதவும்.

ஆனால் அந்தக் கேள்வித்தாள் நம் தோலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முதல் நிலைப் புண்ணுக்குப் புத்தகம் சொல்லும் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. நாகமலை வெயிலில் வயல்வேலை பார்த்துக் கருத்த முதுகில் சிவப்பை எங்கே தேடுவது? அது கொஞ்சம் கூடுதல் கருப்பாக, அல்லது ஊதா படிந்த மாதிரி இருக்கும். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடா, குளிர்ச்சியா, கெட்டியா, சொதசொதப்பா என்று பார்க்க வேண்டும். நினைவோடு இருக்கிற நோயாளியிடம் அந்த இடம் வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். பன்னாட்டு நெறிகளும் கருத்த தோலுக்கு இதைத்தான் சொல்கின்றன. புண் என்ற சொல்லே தோல் கிழிந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது என்பதால், 2016-இல் அமெரிக்காவின் படுக்கைப் புண் ஆலோசனைக் குழு பெயரையே மாற்றியது. தோல் கிழியாமலே உள்ளே சேதம் நடந்திருக்கலாம் என்பதால் ‘அழுத்தப் புண்’ என்ற இடத்தில் ‘அழுத்தக் காயம்’ என்ற பொருள் வரும் சொல்லை வைத்தார்கள்.

சேதத்துக்குக் காரணம் அழுத்தம்தான் என்பதை மற்றொரு வழியில் உலகுக்குக் காட்டியவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவதற்குக் காரணம் நோய்க்கிருமி சதையைத் தின்பதில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கும் அழுத்தம் என்று அவர் நிறுவினார். நமக்கெல்லாம் தூக்கத்தில்கூட வலி தட்டி எழுப்பி, நம்மை அறியாமலே புரளவைக்கிறது. அந்தக் காவல்காரன் இல்லாத உடம்புக்கு இன்னொருவர் காவல் நிற்க வேண்டும். பிராண்டிடம் பயிற்சி பெற்ற மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் கழுத்தெலும்பு அடிபட்ட ஒருவரின் உழைப்பில் வளர்ந்ததுதான். தமிழ்நாட்டுக்கு இந்த அறிவு புதிதாக இறக்குமதி ஆகவேண்டியதில்லை. வார்டு வரைக்கும் வந்து சேரவேண்டும்.

ஊட்டம் பற்றிய கேள்வியில் செவிலியரும் வீட்டாரும் சேர்ந்து தோற்பார்கள் என்று தோன்றுகிறது. முடியாதவருக்குக் கஞ்சி என்பது நம் ரத்தத்தில் ஊறியது. படுக்கைப் புண் வந்தவருக்கும் வரக்கூடியவருக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. அரிசிக் கஞ்சியில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்குப் பருப்பு, பால், முட்டை, மீன் என்று மூன்று வேளையும் யோசித்துக் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு நிறையும்.

நாகமலை புதுக்கோட்டையை ஒட்டி நான்குவழிச் சாலை போகிறது. அங்கே அடிபடுகிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றி ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவில்லாமல் கிடைக்கிறது. உயிர் காக்க அருமையான ஏற்பாடு. அதே 48 மணி நேரத்துக்குள், கெட்டிப் பலகையிலும் ஸ்ட்ரெச்சரிலும் அசையாமல் கிடக்கும் நேரத்தில்தான், பின்னால் வாய் திறக்கப்போகும் புண்ணுக்கு வித்து விழுகிறது. முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அவருக்கு எதுவும் தெரியாது. உலகப் புகழும் பணமும் இருந்தும் ‘சூப்பர்மேன்’ நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 2004-இல் இறந்தது படுக்கைப் புண்ணில் தொற்று ஏறிச் சிகிச்சையில் இருந்தபோதுதான்.

எண்ணிக்கைக்கு வருவோம். என்.ஏ.பி.எச். தர அங்கீகாரம் பெறும் மருத்துவமனைகள், அனுமதியான பிறகு எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது என்று கணக்கு வைக்க வேண்டும். வைக்கிறார்கள். அந்தக் கணக்கு நோயாளியின் கண்ணில் படுவதில்லை. எண்ணினால் மட்டும் போதாது, எண்ணுவது எதற்கு என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்க அரசு 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் வந்த மூன்றாம், நான்காம் நிலைப் புண்ணுக்குக் கூடுதல் பணம் தர மாட்டோம் என்றது. அன்றிலிருந்து, அட்மிஷன் நேரத்திலேயே உடம்பு முழுவதையும் பார்த்து, வரும்போதே புண் இருந்ததா என்று எழுதுவது மருத்துவமனைக்குப் பணப் பிரச்சினையாகிவிட்டது. அதில் ஒரு நன்மை, முதல் நாளே முதுகைப் பார்க்கிறார்கள். ஆனால் தண்டனைக்காக எண்ணினால் எண் எப்போதும் குறைந்துகொண்டே போகும், புண் குறைகிறதா என்பது வேறு விஷயம். டூட்டி முடியும் அவசரத்தில் பிரேடன் தாளில் முந்தைய ஷிஃப்ட் போட்ட எண்ணையே திரும்பப் போட்டுவிடுகிற ஆபத்து எந்த ஊரிலும் உண்டு. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 445 பேரைப் பார்த்து 22 பேருக்குப் புண் என்று 2005-இல் வெளியிட்டார்கள். யாரும் மெமோ வாங்கவேண்டியதில்லாத, வெறும் எண்ணிக்கை. நமக்கு வேண்டியது அந்த மாதிரிதான், ஆனால் வார்டு வாரியாக, வருஷா வருஷம்.

அதற்கு நாள்கூடத் தயாராக இருக்கிறது. நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமையை உலகமெங்கும் படுக்கைப் புண் தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அன்றைக்கு போஸ்டர் போட்டி, ரங்கோலி, உறுதிமொழி. ரங்கோலி போடட்டும். அன்று காலை இரண்டிரண்டு செவிலியராக, வேறு வார்டைச் சேர்ந்தவர்களாக, ஒவ்வொரு நோயாளியின் முதுகையும் குதிகாலையும் திருப்பிப் பார்த்து ஒரு தாளில் எழுதட்டும். எந்தப் படுக்கை, எந்த இடத்தில், எந்த நிலை, வரும்போதே இருந்ததா, படுத்திருக்கும் மெத்தை எது, நேற்று ராத்திரி அந்த வார்டில் எத்தனை பேர் டூட்டி. பெயர் வேண்டாம், நோயாளி பெயரும் செவிலியர் பெயரும். அதே வாரத்தில் அதே வார்டின் செவிலியர்களுக்கு, ‘தெரியாது’ என்ற கட்டமும் உள்ள 20 கேள்விகள். இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த வார்டுக்கு வகுப்பு வேண்டும், எந்த வார்டுக்கு மெத்தை வேண்டும், எந்த வார்டுக்கு ஆள் வேண்டும் என்பது மருத்துவமனை டீனுக்கு ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு தாளும் வேண்டும், அது தமிழில். நம் மருத்துவமனைகளில் நோயாளியைத் திருப்பிப் போடுகிற கைகளில் பெரும்பாலானவை மனைவியின், மகளின், மருமகளின் கைகள். செவிலியர் படித்தது ஆங்கிலத்தில், சொல்லிக்கொடுப்பது மதுரைத் தமிழில், அதுவும் டிஸ்சார்ஜ் சம்மரி கையெழுத்தாகும் ஐந்து நிமிஷத்தில். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே, படுக்கையில் கிடப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோவது அதில் சேர்ந்திருந்தது. வார்டில் சொல்லாமல் விட்டதை வீட்டில் வந்து சொல்லிக்கொடுக்கும் வேலை அந்தச் செவிலியர் தலையில் விழுகிறது. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மருமகளை ஒரு தடவை திருப்பிப் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் அந்த மூன்றாவது தேர்வு. எழுதவேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும்.

மலையடிவார வீட்டில் செவிலியர் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். கட்டிலின் தலைப்பக்கத்தைப் பாதிக்கு மேல் இறக்கியாயிற்று. பெரியவரை முழுக்கப் புரட்டாமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, லேசாகச் சாய்ந்த மாதிரி ஒருக்களித்துப் படுக்கவைத்தாயிற்று. கெண்டைக்காலுக்கு அடியில் மருமகள் தன் தலையணையையே மடித்துக் கொடுக்கிறார். செவிலியர் நேற்றைய பேப்பரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, குதிகாலுக்கும் விரிப்புக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். தாள் தடையில்லாமல் வந்துவிட்டது.

“அப்ப இந்தக் கையுற?”

“அத எடுத்துருங்கம்மா.”

“அங்க ஏன் சிஸ்டர் வைக்கச் சொன்னாங்க?”

செவிலியர் பையை மூடிக்கொண்டே மணியைப் பார்க்கிறார். இன்னும் நான்கு வீடு இருக்கிறது.